வேப்பமரத்தில் கேட்ட கருத்து

போன வருஷம் தூக்கணாங்குருவியின் முட்டைகளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. யார் எடுத்தது என்றும் தெரியவில்லை. இந்த முறை எந்த மரத்தில் கூடு கட்டலாம் என்று நாலு பேரைக் கூட்டிக் கேட்க நினைத்தது. ஆள் சேர்க்கும் வேலையைக் காக்கையிடம் விட்டது. காக்கைக்குத்தான் எல்லாரையும் தெரியும்.

காக்கை தன் வேப்பமரத்திலேயே கூட்டம் போட்டு, உச்சிக்கிளையில் உட்கார்ந்துகொண்டது. மைனாவும் புறாவும் சிட்டும் வந்தன.

"எந்த மரம் பத்திரம்? மனசுல பட்டதைச் சொல்லுங்க," என்றது குருவி.

"இந்த வேம்புதான்," என்றது மைனா.

"இதைவிட நல்ல இடம் ஏது?" என்றது புறா.

"புறா அக்கா சொன்னதுதான் எனக்கும்," என்றது சிட்டு.

ஒவ்வொரு பதிலுக்கும் குருவி ஒரு நாரில் முடிச்சுப் போட்டுக்கொண்டது.

மறுநாள் அது கிணற்றின் மேல் சாய்ந்திருந்த ஈச்சமரத்தில் கூடு பின்னத் தொடங்கியது. காக்கை பறந்து வந்தது.

"என்ன தம்பி, எல்லாரும் வேம்புன்னுதானே சொன்னாங்க? உன் மூக்காலதானே முடிச்சு போட்டே?"

"போட்டேன் அண்ணே. பதில் சொல்றதுக்கு முன்னாடி எல்லாரும் ஒரு தடவை உங்க முகத்தைப் பார்த்தாங்க. அதுக்கும் ஆளுக்கொரு முடிச்சு போட்டு வெச்சிருக்கேன்," என்றது குருவி, அடுத்த நாரைக் கிழித்தபடி.