பழுப்பேறிய செல்கள்

நுண்ணோக்கியின் வட்ட வெளிச்சத்தில் தம்பியின் சளி விரிந்து கிடக்கிறது. புகைபிடிக்காத ஆளின் மாதிரி ஒன்று வேண்டுமென்று அக்கா கேட்டதும், அவனே முன்வந்து இருமித் துப்பிக் கொடுத்தது அது. சற்றுமுன் புகைபிடிப்பவர் ஒருவரின் சளியை அவனுக்குக் காட்டினாள். நுரையீரலைப் பெருக்கித் துடைக்கும் காவல் செல்கள், விழுங்கிய புகைத்துகளைச் செரிக்க முடியாமல், வயிறு முட்டப் பழுப்பேறிக் கிடந்தன. "ஐயோ பாவம், யாரு பெத்த புள்ளையோ!" என்று சிரித்தான். இப்போது அவள் குவியத்தைத் திருகுகிறாள், மறுபடியும் திருகுகிறாள். அதே பழுப்பு. கண்ணாடித் தகட்டை மாற்றி வைத்துவிட்டோமோ என்று எடுத்துப் பார்க்கிறாள். மாறவில்லை. "என்னக்கா, நம்ம ஆளுங்க எப்படி இருக்காங்க?" என்று சுழல் நாற்காலியிலிருந்து கேட்கிறான். அவன் பல்லில் புதினா மிட்டாய் கடகடக்கிறது. அவள் எழுந்து இடம் விடுகிறாள். "நம்ம அம்மா பெத்த புள்ளதான். வந்து பாரு." அவன் குனிகிறான். மிட்டாய்ச் சத்தம் நின்றுபோகிறது.