இறங்காத இறக்கம்

"பிரேக்கைக்கூடப் பார்க்காமலா எங்களை இவ்வளவு மேடு மிதிக்க வச்சீங்க?"

மச்சான்கள் இருவரும் ஒரே குரலில் பிடித்துக்கொண்டார்கள். அக்காவைக் கட்டிய புது மாப்பிள்ளையை மலைச் சைக்கிள் சவாரிக்குக் கூட்டி வந்த வாலிபர்கள்.

வழிகாட்டி தன் சைக்கிளில் பிரேக் வயர் கழன்று தொங்குவதையே பார்த்துக்கொண்டு நின்றார். வேலை போன பிறகு, பழைய சைக்கிள்களை வாங்கிப் பழுதுபார்த்து அவர் தொடங்கிய தொழில் இது. இன்னும் ஒரு மாதம்கூட ஆகவில்லை.

எதிரே அந்த இறக்கம். ஒற்றையடிப் பாதை. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் வெறும் காற்று. இதற்காகத்தான் எல்லோரும் வருவார்கள்.

"சரி பண்ண முடியாதா?"

"நட்டு எங்கேயோ விழுந்துடுச்சு தம்பி."

"அப்போ நாங்க மட்டும் இறங்கறோம். நீங்க மெதுவா உருட்டிக்கிட்டு வாங்க," என்றான் சின்னவன்.

"வழிகாட்டி முன்னால போகாம யாரும் இறங்கக்கூடாது. இந்தத் தொழில்ல அதுதான் முதல் சட்டம்."

"பிரேக் இருக்கணும்கிறது எத்தனாவது சட்டம்?"

மாப்பிள்ளைதான் குறுக்கே வந்தார். "விடுங்க மச்சான். பாவம், வயசான மனுஷன். எனக்குந்தான் கை துறுதுறுங்குது. கண்ணை மூடிக்கிட்டு இறங்கியிருப்பேன். என்ன பண்றது, நம்ம நேரம்!"

"அத்தானுக்குத் தங்கமான மனசு," என்று பெரியவன் சைக்கிளைத் திருப்பினான்.

ஜீப் போகும் மண்சாலை வழியே திரும்பினார்கள். வழிகாட்டி மட்டும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார். அவருக்காக நின்று நின்று போனதில் சின்னவனுக்கு இன்னும் எரிச்சல்.

"இதுக்கு வீட்டு மாடிப்படியிலயே சைக்கிள் விட்டிருக்கலாம்!"

மறுநாள் மாலை. ஹெல்மெட்களைக் கழுவிக் கொடியில் மாட்டிக்கொண்டிருந்தவரின் முன்னால் மனைவி போனை நீட்டினாள்.

"படிச்சீங்களா? ஒரே ஒரு ஸ்டார். 'பிரேக் இல்லாத சைக்கிள், தைரியம் இல்லாத வழிகாட்டி. யாரும் போய் ஏமாறாதீர்கள்'னு போட்டிருக்கு. இதைப் பார்த்துட்டு, அடுத்த வாரம் வர்றதா இருந்த ஆபீஸ் கூட்டம் வரலைன்னு சொல்லிடுச்சு."

"ம்."

"என்ன ம்? அந்த ஒரு புக்கிங்கை நம்பித்தானே உட்கார்ந்திருந்தோம்? வாசலைத் தாண்டறதுக்குள்ள ஒவ்வொரு திருகையும் மூணு தடவை முறுக்கிப் பார்க்கற ஆள் நீங்க. என்னைக்கூட எங்கேயாவது மறந்து விட்டுட்டு வருவீங்க, பிரேக்கை மறப்பீங்களா?"

அவர் முக்காலியில் உட்கார்ந்தார். முழங்கால் மளுக்கென்று சத்தம் போட்டது.

"மறக்கலை. நான்தான் கழட்டி விட்டேன்."

அவள் நீட்டியிருந்த போனை இறக்கினாள்.

"உச்சியில தண்ணி குடிக்க நின்னோம். அந்த மாப்பிள்ளை, ஒதுங்கற சாக்குல பாறை மறைவுக்கு என்னைக் கூட்டிட்டுப் போய்க் கையைப் பிடிச்சுக்கிட்டார். கை ஐஸா இருந்துச்சு. 'பள்ளத்தைப் பார்த்தாலே தலை சுத்துது, எப்படியாவது நிறுத்துங்க. நான் சொன்னேன்னு மட்டும் மச்சானுங்களுக்குத் தெரிஞ்சா ஆயுசுக்கும் என்னை ஓட்டித் தள்ளிடுவானுங்க'ன்னார். கண்ணே கலங்கிடுச்சு அந்த மனுஷனுக்கு. நான் திரும்பி வந்து, வண்டியைக் கடைசியா ஒரு தடவை பார்க்கற மாதிரி குனிஞ்சேன். நட்டைக் கழட்டிப் பள்ளத்துல வீசிட்டேன்."

"அதை அவர் சைக்கிள்ல செய்ய வேண்டியதுதானே?"

"மச்சான் தன் சைக்கிளைக் கொடுத்து, 'இதுல இறங்குங்க அத்தான்'னு தள்ளி விட்டிருப்பானே. வழிகாட்டி சைக்கிள் கெட்டுப் போனாத்தான் அத்தனை பேரும் நிக்கணும்."

அவள் கொடியில் சொட்டிக்கொண்டிருந்த ஒரு ஹெல்மெட்டை எடுத்து உதறி மாட்டினாள்.

"நல்ல காரியம்தான், இல்லேங்கலை. ஆனா அடுத்தவன் மானத்தைக் காப்பாத்தப் போய் நம்ம அடுப்பு அணையணுமா? அந்தப் பசங்களுக்கு விவரம் தெரியாது, எழுதிட்டானுங்க. விவரம் தெரிஞ்ச ஒருத்தர் இருக்காரே, அந்த மாப்பிள்ளை! அவரைக் கேளுங்க. காரணம் எதையும் சொல்ல வேண்டாம். இவர் நல்ல வழிகாட்டின்னு நாலு வரி எழுதினாப் போதும். நன்றின்னு ஒண்ணு இருந்தா எழுத மாட்டாரா?"

அவர் போனை வாங்கினார். அந்த ஒற்றை ஸ்டாருக்குக் கீழே, ஒரு விரலால் எழுத்தெழுத்தாகத் தட்டினார்.

'தவறு என்னுடையதுதான் சார். பிரேக்கைச் சரிசெய்துவிட்டேன்.'

"என்னத்தை எழுதறீங்க? நான் அந்த மாப்பிள்ளைக்கு எழுதச் சொன்னா..."

"அவருக்குத்தான் எழுதறேன். மேல இருக்கற பேரைப் பாரு, இந்த ஒரு ஸ்டாரைப் போட்டதே அவர்தான். பாவம், மச்சானுங்க பக்கத்துல உட்கார்ந்து பார்த்துக்கிட்டு இருந்திருப்பாங்க."