அக்கரைக்குப் போன கொத்சு

“பட்டனை அழுத்தினா நீங்க பேசலாம், விட்டாதான் அவுங்க பேசறது கேக்கும் மாமா” என்று சொல்லிவிட்டுக் கனிமொழி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய்விட்டாள்.

சபாபதி மண்டையை ஆட்டினார். காதில் பாதிதான் விழுந்திருந்தது.

கடலூர்க் கடலோரத்தில் ராணுவம் காலி செய்துவிட்டுப் போன ஒயர்லெஸ் கட்டடம் அது. கப்பல்களை ஒட்டுக்கேட்ட காலமெல்லாம் மலையேறிவிட்டது. இப்போது கனிமொழியின் வானொலிச் சங்கம் ஞாயிறுதோறும் இங்கிருந்து யாழ்ப்பாணத்தோடு பாட்டும் சமையலும் பேசுகிறது. இன்று சிதம்பரம் கத்திரிக்காய் கொத்சு.

சபாபதி கடைக் கொத்சுக்கு ஒரு ரகசியம் உண்டு. கொதி வந்ததும் எல்லோரையும் அடுப்படியிலிருந்து விரட்டிவிட்டு, மூடிய கையால் சட்டியில் எதையோ தூவுவார். அப்பா சொல்லிவிட்டுப் போனது என்பார். அந்தக் கைக்காகத்தான் கூட்டமே. விஷயம் வெளியே போனால் கடை படுத்துவிடும் என்று அவருக்குப் பயம்.

கட்டிய மனைவி இளவரசிக்கே சொன்னதில்லை. கத்திரிக்காய் வதக்குவதும் மல்லி வறுத்து அரைப்பதும் அவள்தான். அந்த ஒரு தூவலுக்கு மட்டும் வெளியே போய் நிற்க வேண்டும். அந்த வருத்தம் அவளுக்கு ஆறவே இல்லை.

மைக்கில் சபாபதி வெளுத்து வாங்கினார். ரகசியத்தை மட்டும் லாவகமாகத் தாண்டி, “ஓவர்” என்று முடித்தார். அப்படிச் சொன்னாலே எல்லாம் தானாக மூடிக்கொள்ளும் என்று நினைப்பு. கட்டைவிரல் பட்டனிலேயே இருந்தது.

அக்கரையிலிருந்து சத்தமே இல்லை. கண்ணாடிக்குப் பின்னால் கனிமொழி கட்டைவிரலைத் தூக்கித் தூக்கிக் காட்டினாள். பிரமாதம் என்கிறாள் போல. சபாபதிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த இளவரசி இதுதான் சமயம் என்று பிடித்துக்கொண்டாள். “ஏங்க, நாளைக்கே உங்களுக்கு ஒண்ணுன்னா கடை என்னாவுறது? எங்கிட்டயாச்சும் சொல்லக் கூடாதா?”

மனசு இளகி, மைக்கைப் பிடித்த கையோடு அவள் காதருகே குனிந்தார்.

“வெறுங்கைதான் இளவரசி. அப்பா ஒண்ணுமே சொல்லல. ருசி எல்லாம் உன் கைப்பக்குவம். தெரிஞ்சா என்னை எவன் மதிப்பான்னுதான் மறைச்சுட்டேன்.”

இளவரசிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அவர் தோளில் ஓங்கி ஒன்று வைத்தாள். வைத்த வேகத்தில் அவர் விரல் பட்டனை விட்டு நழுவியது.

பெட்டியிலிருந்து கரகரவென்று ஒரு பெண் குரல் வந்தது.

“அண்ணை, அப்ப அந்த அக்காவிட்ட மைக்கைக் குடுங்கோ. நாங்கள் முதல்ல இருந்து திரும்ப எழுதுறம்.”