சிவப்புத் துணி

"தள்ளி நில்லுண்ணே, உள்ள எண்ணெ நிக்குதான்னு நான் ஒருதரம் பாத்துக்கிறேன்" என்று மலைச்சாமியை விலக்கிவிட்டு மருது இன்ஜினுக்குள் விரலை விட்டுத் துழாவினான். மூத்த ஃபிட்டரின் வேலையை நேற்று வந்தவன் சோதிக்கிறான். மலைச்சாமி ஒதுங்கி நின்றான். தடுக்க அவனுக்கு முகம் ஏது?

யுத்த நேரம், மதுரை விமானத்தளத்தில் வேறு ஆள் இல்லை. இல்லாவிட்டால் மலைச்சாமியை இன்ஜின் பக்கமே விட்டிருக்க மாட்டார்கள். போன மாதம் அவன் தயார் செய்து மாட்டிய இன்ஜின், விமானம் கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே மூச்சு முட்டி நின்றது. சோழவந்தான் பக்கம் ஒரு வெற்றிலைக் கொடிக்காலில் விழுந்த அந்த விமானத்திலிருந்து மெக்கானிக் சின்னச்சாமியைப் பிணமாகத்தான் எடுத்தார்கள். அவன் தாய் அழகம்மாளுக்கு ஒரே பிள்ளை.

நொறுங்கிய இன்ஜினைப் பிரித்துப் பார்த்தவனும் மலைச்சாமிதான். "குழாயை அடைச்ச துணிய எடுக்க மறந்துட்டேன் தொரை" என்று தளத்து அதிகாரியிடம் அவனே ஒப்புக்கொண்டான். நாளைக்கு விசாரணை.

பெட்டிக்குள் மாதக்கணக்காகக் கிடந்த இந்த இன்ஜினின் மசகைத் துடைத்து, துருப்பிடிக்காமல் இருக்க உள்ளே ஊற்றியிருந்த எண்ணெயையும் வடித்தாகிவிட்டது. தூசி போகாமல் குழாய்களின் வாயில் அவன் அடைத்து வைத்திருந்த சிவப்புத் துணிகள்தான் பாக்கி. மலைச்சாமி ஒன்றைப் பிடித்து இழுத்தான். ஒரே கயிற்றில் கட்டியிருந்ததால் மற்றவையும் பின்னாலேயே வந்துவிட்டன.

"இது நல்லாருக்கேண்ணே. ஒண்ண இழுத்தா அம்புட்டும் வந்துருது!"

"நான் எப்பவும் இப்பிடித்தான் கட்டுறது."

அப்போது கொட்டகை வாசலில் அழகம்மாள் வந்து நின்றாள். இங்கேயே இன்ஜின் துடைக்கிற கூலி வேலை பார்த்தவள். மகன் போன விமானத்துக்கு மாட்டிய இன்ஜினையும் அவள்தான் ஆசை ஆசையாகத் துடைத்துக் கொடுத்தாள்.

"அடப்பாவி! கருப்பசாமியக் காவலுக்கு வச்சுத்தானடா எம்புள்ளைய அனுப்புனேன். ஒரு துணிய எடுக்க மறந்து கொன்னுட்டியே! நீ நல்லாருப்பியா?"

குனிந்து மண்ணை வாரி அவன் முகத்தில் வீசினாள். மலைச்சாமி அதைத் துடைக்கக்கூட இல்லை. "என் தப்புத்தான்க்கா" என்று கையெடுத்துக் கும்பிட்டான். அவனைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது, ஆனால் பெற்ற வயிறு எரியாமல் என்ன செய்யும்? நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதவளை இரண்டு பெண்கள் தாங்கிப் பிடித்து அழைத்துப் போனார்கள்.

மருது அந்தச் சிவப்புத் துணிக் கயிற்றை எடுத்துப் பார்த்தான்.

"அண்ணே, அன்னைக்கும் ஒரே கயித்துலதான கட்டியிருந்த? அப்ப ஒரு துணி மட்டும் எப்பிடி உள்ள நிக்கும்?"

மலைச்சாமி வாசலை ஒருமுறை பார்த்துக்கொண்டான். பிறகு, நொறுங்கிய இன்ஜினின் குழாய்க்குள்ளிருந்து எடுத்து இத்தனை நாள் மடியில் மறைத்து வைத்திருந்த துணியை உள்ளங்கையில் வைத்து நீட்டினான். கரி படிந்திருந்தாலும் அது சிவப்பில்லை, மஞ்சள் என்று தெரிந்தது. இறுக்கிப் போட்டிருந்த முடிச்சுக்குள் திருநீறு.

"பெத்தவ வச்ச காவல் மருது... அவகிட்ட எப்பிடிச் சொல்ல?"