போட்டோவில் வந்த முட்டி

"ஆளக் கூட்டிகினு வராம முட்டிய மட்டும் போட்டோ புடிச்சிகினு வந்தா, நான் எதுலப்பா கட்டு போடறது?" என்றாள் எல்லம்மாள்.

இளம்பரிதி தலையைச் சொறிந்தான். சொறிவதற்கு முடி இருக்கிறதே என்ற பெருமையும் அதில் கொஞ்சம் இருந்தது.

"ஆளு அமெரிக்காவுல கீறாருக்கா."

திருத்தணி பஸ் ஸ்டாண்டு பக்கம் 'பரிதி மொபைல்ஸ்' என்று செல்போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவன் அவன். எல்லம்மாள் சித்தூர் ரோட்டில் தகரக் கொட்டகை போட்டு, முட்டை வெள்ளையும் பச்சிலையும் மூங்கில் பத்தையுமாக எலும்புக்குக் கட்டுப் போடுகிறவள். விழுந்தவன், இடித்தவன், மாடு தள்ளிவிட்டவன் எல்லாம் அங்கே வருவதுண்டு. போனோடு வந்தவன் இவன்தான் முதல்.

"கட்டு வேணாங்க்கா. இந்த முட்டி தேறுமா தேறாதான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க."

"ஒறவா?"

"இல்லக்கா. என் டீமு."

எல்லம்மாள் மோவாயில் கை வைத்துக்கொண்டாள். இளம்பரிதி பொறுமையாக விளக்கினான்.

"பேஸ்கட் பால் ஆட்டங்க்கா. நாங்க எட்டு பேரு போன்ல ஆளுக்கொரு டீம் வெச்சினு கீறோம். நம்ம டீம் ஆளு அங்க நெசமா எவ்ளோ பாயிண்டு போடறாரோ, அது இங்க நமக்கு. வருஷம் முடிஞ்சா எல்லாரையும் விட்டுடணும். மூணே மூணு பேர மட்டும் அடுத்த வருஷத்துக்கு வெச்சிக்கலாம். இவரு மார்லன், என்கிட்ட இருக்கறதுலயே பெரிய ஆளு. ஏப்ரல்ல ஜவ்வு கிழிஞ்சி ஆப்பரேஷன் ஆயிடுச்சி. இன்னிக்கு ஆறு மணிக்குள்ள வெச்சிக்கறதா, விடறதான்னு சொல்லணும்."

"கால் ஆவாதவன வெச்சிக்கினா?"

"ஒரு எடம் வீணு. நான்தான் கடைசி."

"விட்டா?"

"விட்ட நிமிஷம் எவன் மொதல்ல அமுக்கறானோ, அவனுக்கு. கால் தேறி அவன் டீமுக்கு ஆடுனா அப்பவும் நான்தான் கடைசி."

"கடைசி ஆனா என்னா, கழுத்தையா வெட்டிடுவாங்க?"

"கழுத்த இல்லக்கா, தலமுடிய," என்றான் கூட வந்த காலேப். "கடைசியா வர்றவன் சித்திரையில மலையேறி மொட்டை போடணும். அது எங்க ரூலு. ரெண்டு வருஷமா இவன்தான். மொட்டை போடற எடத்துல இவன பேர் சொல்லிக் கூப்பிடறாங்க."

"நீ எத்தினியாவது?"

"ஏழாவது. சபையில பாஸ்டர் கேட்டா என்னா சொல்றதுன்னு பயந்துகினேதான் ஆடறேன்."

இளம்பரிதி குரலைத் தணித்தான். "வைகாசியில எனக்குக் கல்யாணம்க்கா. மொட்டைத் தலையோட மணவறைக்கு வந்தா, அது வளர்ற வரைக்கும் வெளியவே ஒக்காந்திருன்னு மோனிஷா சொல்லிடுச்சி. சும்மா சொல்ற பொண்ணு இல்ல அது."

எல்லம்மாள் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு போனை வாங்கினாள். போட்டோவுக்கு அடுத்து, மார்லன் ஆஸ்பத்திரி வராந்தாவில் நடக்கிற வீடியோ. ஒருமுறை பார்த்தாள். இரண்டு விரலால் முட்டியைப் பெரிதாக்கி இன்னொரு முறை பார்த்தாள். மூன்றாவது முறை பார்க்கும்போது அவள் முகத்தில் ஒரு பிரகாசம் வந்ததுபோல் இருந்தது. உடனே அதை அணைத்துவிட்டாள்.

"ஆறடி பத்தங்குலம் ஒடம்ப இந்த முட்டி தாங்கணுமே. கஷ்டம்பா. ரெண்டு பொங்கல் போவணும். விட்டுடு."

"ஜனவரியிலயே ஆடலாம்னு அங்க டாக்டருங்க சொல்றாங்களேக்கா."

"அப்ப அவங்களையே கேளு. என்னைய எதுக்குக் கேக்கற?"

இளம்பரிதியின் முகம் தொங்கிப்போனது. மூன்று வருஷமாக விடியற்காலை அஞ்சு மணிக்கு அலாரம் வைத்து எழுந்து மார்லன் ஆட்டத்தைப் பார்க்கிறவன். சொந்தத் தம்பி பரீட்சைக்குக்கூட அவன் அலாரம் வைத்ததில்லை என்பது ஊருக்கே தெரியும்.

"விடறதுகூட பரவால்லக்கா," என்றான் காலேப். "எங்க எட்டு டீம்ல ஒண்ணு கீது, 'வேலும் மயிலும்'னு. யாருன்னே தெரியாது. லிங்க் போட்டப்ப எங்கிருந்தோ வந்து சேந்தான். வருஷா வருஷம் கப்பு அவனுக்குத்தான். விட்டா மார்லனயும் அவன்தான் அமுக்குவான். அவன் எடுத்த ஆளுக்கு இது வரிக்கும் ஒரு சுளுக்குகூட வந்ததில்ல. பெங்களூருல பெரிய கம்ப்யூட்டர் கம்பெனியில இருப்பான்னு நெனைக்கறோம்."

"படிச்சவங்க," என்றாள் எல்லம்மாள் மரியாதையாக. "மணி என்னா ஆவுது?"

"அஞ்சே முக்கால்."

"அப்ப இங்கயே விட்டுட்டுப் போயிடுப்பா. வீட்டுக்குப் போனா மனசு மாறும்."

சரியாகத்தான் பட்டது இளம்பரிதிக்கு. எலும்பு தெரிந்தவள் சொல்கிறாள். மார்லன் பெயருக்கு நேரே கட்டைவிரலைக் கொண்டுபோனான். ரயில் ஏற்றிவிட வந்தவன்போல் கண் கலங்கியது. காலேப் அந்தப் பக்கம் திரும்பி, காயவைத்திருந்த மூங்கில் பத்தைகளை எண்ணினான்.

அப்போதுதான் கொட்டகைக்கு உள்ளேயிருந்து, கையில் பிடித்த போனைவிட்டுக் கண்ணெடுக்காமல், எல்லம்மாளின் மகள் வந்தாள்.

"எம்மா, ஆறு ஆவப் போவுது. அந்தப் பரிதி மொபைல்ஸ்காரன் இன்னும் மார்லன விடலம்மா. நம்ம 'வேலும் மயிலும்'ல நான் ஒரு எடத்தக் காலி பண்ணி வெச்சிகினு எவ்ளோ நேரம் ஒக்காந்துகினு கீறது?"

காலேப் எண்ணிக்கையை விட்டுவிட்டான். இளம்பரிதி எல்லம்மாளைப் பார்த்தான். எல்லம்மாள் முட்டைக் கூடையைப் பார்த்தாள். அவன் விரல் மெல்ல நகர்ந்து, மார்லனை 'வைத்துக்கொள்' என்ற இடத்தில் அழுந்த அமுக்கியது. பிறகு இரண்டு கையாலும் முடியைக் கோதிவிட்டுக்கொண்டான்.

"பொங்கலுக்கு ஆடுவாராக்கா?"

எல்லம்மாள் தலை நிமிராமல் ஒரு முட்டையை உடைத்தாள்.

"போகிக்கே ஓடுவான், போ."