என்னைச் செய்த கை

"வீட்டு உடுப்போட பள்ளிக்கூடத்துக்கு வர்ற அளவுக்குத் துணிச்சல் வந்திருச்சா ஒனக்கு?"

கமலாம்பிகை டீச்சர் போட்ட சத்தம் பினாங்கின் பர்மா ரோடு வரைக்கும் கேட்டிருக்கும்.

பள்ளிக்கூட கேட்டுக்கு உள்ளே பாதியும் வெளியே பாதியுமாக நின்றாள் தமயந்தி. ஆறாம் வகுப்பு. தலைகூட வாரவில்லை. கையில் வாய் கட்டிய பெரிய கறுப்புப் பிளாஸ்டிக் பை.

"டீச்சர், இந்தப் பை..."

"என்ன, வடையா? போன மாசம் கிளாசுக்குள்ளயே வடை வித்தவதானே நீ! இன்னிக்குக் கூட்டம் வருதுன்னு மூட்டையாவே கட்டிக்கிட்டு வந்துட்டியா?"

"இல்ல டீச்சர், இது வந்து..."

"வாய மூடு."

டீச்சருக்குக் கோபம் வந்ததில் நியாயம் இருந்தது. இன்றைக்கு அவருடைய கண்காட்சி. நாம் தின்கிற சாக்லெட்டும் உடுத்துகிற சட்டையும் எங்கிருந்து வருகின்றன, அவற்றைச் செய்தவர்களுக்கு நியாயமான கூலி கிடைத்ததா என்று பிள்ளைகளுக்குப் புரியவைக்க மாதக்கணக்கில் அலைந்திருந்தார். கொக்கோ தோட்டத்தில் வேலை செய்யும் பிள்ளைகள், கம்பளம் நெய்யும் பிள்ளைகள் என்று ஹால் சுவர் முழுக்கப் படங்கள். திறந்து வைக்க டத்தோ பட்டம் பெற்ற ஒரு பெரிய மனிதர் வருகிறார்.

கண்காட்சியோடு ஒரு நாடகமும் உண்டு; அதில் சட்டையாக வந்து பேச வேண்டியவள் தமயந்திதான். முதன்முதலாக மேடை ஏறப் போகிறவள்.

'என்னை வாங்கும்போது விலை கேட்டீர்கள். என்னைச் செய்த கை யாருடையது என்று கேட்டீர்களா?'

ஒத்திகையில் இதைச் சொல்லும்போதெல்லாம் அழுதுவிடுவாள். இந்த வயதில் இவ்வளவு உணர்ச்சி எங்கிருந்து வருகிறது என்று டீச்சரே ஆச்சரியப்பட்டிருக்கிறார். கேட்டதில்லை.

"கையக் காட்டு."

விரல் நுனியெல்லாம் சுட்ட கொப்புளங்கள். ஒன்றிரண்டு உடைந்திருந்தன.

"அடுப்புக்குள்ள கைய விட்டியா? இந்தக் கையோடதான் டத்தோவுக்கு வணக்கம் சொல்லப் போறியா? லெட்சுமி! இவ பேச வேண்டியத இனிமே நீ பேசு."

வரிசையில் நின்ற லெட்சுமி தலையாட்டினாள். தமயந்திக்குக் கண் கலங்கிவிட்டது.

"வேணாம் டீச்சர்... எனக்கு எல்லாம் மனப்பாடம் டீச்சர். யார்கிட்டயாச்சும் யூனிபார்ம் வாங்கிப் போட்டுக்கிறேன் டீச்சர்..."

"கேட்டுக்குப் பக்கத்துல நில்லு. விழா முடியிற வரைக்கும் அசையக் கூடாது. இன்னும் ஒரு வார்த்தை பேசினே, ஒங்கம்மாவ இங்க வரவச்சிருவேன்."

அம்மா என்றதும் தமயந்தி வாயை மூடிக்கொண்டாள்.

அதற்குள் தலைமையாசிரியர் வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்தார்.

"டீச்சர், டத்தோ கெளம்பிட்டாராம், போன் வந்துச்சு. ரிப்பன் பூவெல்லாம் எங்க? அவரு சட்டையில குத்த ஒண்ணுகூட இல்லையே!"

"வந்துரும் சார். பினாங் ஸ்திரீட் பக்கிரிசாமி கடையில சொல்லியிருக்கேன்."

அந்த ரிப்பன் பூ விஷயத்தில் டீச்சருக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. பக்கிரிசாமி கேட்ட விலையைப் பாதியாக அடித்துப் பேசியிருந்தார். பக்கத்து ஊரான பிறையில் ஒருவர் இதைவிட மலிவாகச் செய்து தருகிறார் என்று ஒரு பொய்யையும் சேர்த்துக்கொண்டார். பள்ளிக்கூடக் காசைச் சொந்தக் காசு மாதிரி பார்க்கிறீர்களே என்று தலைமையாசிரியரே மெச்சினார்.

டீச்சர் அலுவலகத்துக்கு ஓடிப்போய் போனைச் சுழற்றினார். ஜன்னல் வழியே கேட் தெரிந்தது. வெயில் ஏறியிருந்தது. தமயந்தி பையைத் தரையில் வைக்காமல் நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"திமிரு" என்று முணுமுணுத்தார் டீச்சர்.

ஹாலில் லெட்சுமி மைக்கில் பேசிப் பழகும் குரல் கேட்டது. பாதியில் மறந்துபோய் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

மறுமுனையில் பக்கிரிசாமி எடுத்தார்.

"என்னண்ணே இது, மானம் போகுது! பூ எங்கண்ணே?"

"அனுப்பிட்டேனே டீச்சர்!" பக்கிரிசாமி பதறினார். "நீங்க பேசுன வெலைக்கு வேற யாரும் ஒத்துக்கல லா. ரைபிள் ரேஞ்ச் பிளாட்டுல ஒரு அம்மா, ரொம்பக் கஷ்டப்பட்டவங்க, அவங்கதான் எடுத்துக்கிட்டாங்க. பாதியில காய்ச்சல்ல படுத்துட்டாங்க. மிச்சத்தையெல்லாம் அவங்க மக ராவெல்லாம் முழிச்சு, ரிப்பன் ஓரம் பிரியாம இருக்க மெழுகுவத்தியில சுட்டுச் சுட்டு ஒட்டுச்சு. பாவம், கையெல்லாம் புண்ணு."

டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"விடியக்காலையில கடைக்குக் கொண்டாந்திச்சு. 'வீட்டுக்குப் போயி யூனிபார்ம் போட்டுக்கிட்டுப் போறேன் அங்கிள், இன்னிக்கு நான் நாடகத்துல பேசணும்'னு கெஞ்சிச்சு. நாந்தான், டீச்சர் கோவிச்சுக்குவாங்கன்னு அப்படியே வெரட்டி விட்டேன். கறுப்புப் பை டீச்சர். ஒங்க பள்ளிக்கூடத்துப் புள்ளதான்... இன்னும் வந்து சேரலையா?"