ஒற்றுக்காரர்

“மூணாவது கேள்வியில ஒரு ஒற்று குறையுது,” என்றார் அவர், சிவப்புப் பேனாவைத் திறந்தபடி.

“உங்களைப் பதில்தானே எழுதச் சொன்னாங்க? திருத்தவா சொன்னாங்க?” என்றாள் மனைவி.

இருபத்தாறு வருடமாக அச்சகத்தில் பிழை திருத்துகிறவர் அவர். அங்கே அவரைப் பெயர் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. ஒற்றுக்காரர் என்று கேட்க வேண்டும். ஒரு க், ஒரு த் எங்கே விட்டுப்போயிருந்தாலும் மனிதருக்குச் சாப்பாடு இறங்காது. கல்யாணப் பத்திரிகை கொடுக்க வருகிறவர்களிடமே அதைத் திருத்திக் கொடுத்து அனுப்புகிற ஆள். அச்சகத்துக்குப் புதிதாக வந்த மேலாளர், ஊழியர்களின் குணத்தைத் தெரிந்துகொள்கிறேன் பேர்வழி என்று, ‘நீங்கள் எந்த வகை மனிதர்?’ என்று இருபது கேள்விகளை எல்லோர் கையிலும் கொடுத்து அனுப்பியிருந்தார்.

மனைவி தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாளே தவிர, அரை மணி நேரமாக ஒரு தையலும் போடவில்லை. துணிக்கு அடியில் ஆஸ்பத்திரிப் படிவம் இருந்தது. நாளை மறுநாள் அவளுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன். எல்லாவற்றையும் நிரப்பிவிட்டாள், ஒரு வரியைத் தவிர. ‘முன்பு கருக்கலைப்பு செய்துகொண்டதுண்டா?’ டாக்டரிடம் பொய் சொல்ல முடியாது. உண்மையை எழுதினால் கணவர் பார்ப்பார். வீட்டுக்குள் வருகிற எந்தக் காகிதமும் அவர் கண்ணுக்குத் தப்பாது.

“பதினோராவது கேள்வி. ‘சரி, தவறு என்பவை எல்லோருக்கும் எப்போதும் ஒன்றே. ஆமா, இல்லையா?’” என்று படித்துவிட்டு அவர் யோசனையில் ஆழ்ந்தார்.

அவள் துணியைப் படிவத்தின் மேல் இன்னும் இழுத்துவிட்டாள். “இதுக்கு எதுக்கு இவ்வளவு யோசனை? கருவைக் கலைக்கறது கொலைன்னு அந்தக் காலத்துல பத்திரிகையில எழுதினவராச்சே நீங்க.”

“எழுதினேன்.”

“இப்பவும் அதேதானா?”

“கருவும் ஒரு உயிர்னுதான் இப்பவும் நினைக்கிறேன். அன்னிக்கு அதோட முற்றுப்புள்ளி வெச்சுட்டேன். இப்போ அந்தப் புள்ளியை எங்க வைக்கறதுன்னு தெரியல.” அந்தக் கேள்வியைக் காலியாக விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனார்.

கடைசியில் கூட்டிப் பார்த்ததில் அவர் ‘காவலர்’ வகை என்று வந்தது. ‘விதி என்றால் விதி. பிழையைக் கண்டால் ஒருபோதும் விட்டுவைக்க மாட்டார்.’

“உங்ககூடக் குடித்தனம் பண்ணினவங்க எழுதின மாதிரியே இருக்கு,” என்று அவள் சிரிக்கப் பார்த்தாள்.

“உனக்கும் பார்த்துடலாம், இரு.” அதே கேள்விகளை அவளிடமும் கேட்டார். வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தாள். ‘திறந்த மனத்தவர். எதையும் உள்ளே வைத்துக்கொள்ளத் தெரியாதவர்’ என்று வந்தது. அவர் அதைப் படித்து முடிப்பதற்குள் அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

“என்னம்மா, ஆபரேஷனை நினைச்சு பயமா?”

“இல்ல. அந்தக் கடிதத்தை நினைச்சு.”

எந்தக் கடிதம் என்று அவர் கேட்கவில்லை.

இருபத்து மூன்று வருடம் இருக்கும். பெரியவளுக்கு அப்போது ஏழு மாதம். அந்த மாதம்தான் அச்சகம் அவரை வெளியூருக்கு அனுப்பியிருந்தது. அங்கே தன் அக்கா வீட்டில் தங்கியிருந்தார். இவள் கைக்குழந்தையோடு தனியாக, தூக்கம் கெட்டு, துரும்பாய் இளைத்துப்போயிருந்தாள். அந்த நேரம் பார்த்து மறுபடியும் நாள் தள்ளிப்போனது. அவருடைய கொள்கைதான் அவளுக்கும். ஆனால் இன்னொரு பிள்ளையைத் தாங்க உடம்பிலும் தெம்பில்லை, மனத்திலும் இல்லை. ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போய்விட்டு வந்தாள். கடிதத்தில் ‘நான்’ என்று எழுதக் கை வரவில்லை. ‘கரு கலைத்தது செவ்வாய்க்கிழமை. இப்போது உடம்பு தேவலை’ என்று மட்டும் எழுதிப் போட்டாள்.

நான்காம் நாள் அவரும் அக்காவும் வந்து இறங்கினார்கள். அக்கா கையில் அந்தக் கடிதம். ‘கலைத்தது’ என்பதில் ‘த்’ அடிக்கப்பட்டு, அதன் மேல் சிவப்பு மையில் ‘ந்’ ஏறியிருந்தது. “தானா கலைஞ்சு போனதுக்கு நீ என்னம்மா பண்ணுவ?” என்று அக்கா கட்டிக்கொண்டு அழுதாள். “என் பொண்டாட்டிக்கு ஒரு கடிதம் பிழையில்லாம எழுத வராது,” என்று அவர் பக்கத்தில் நின்று கேலி பேசினார். பிறகு இரண்டு மாதம் விடுப்புப் போட்டுவிட்டு, குழந்தைக்குப் பால், இவளுக்குச் சாப்பாடு என்று எல்லாவற்றையும் அவரே பார்த்தார். இவள் வாயைத் திறக்கவில்லை. அவர் காட்டிய அன்பெல்லாம் ஓர் எழுத்துப்பிழையின் புண்ணியத்தில் கிடைத்தது என்ற எண்ணம் அன்றிலிருந்து அவளை அரித்துக்கொண்டே இருந்தது.

“அது பிழை இல்லைங்க,” என்றாள் இப்போது, படிவத்தை அவர் பக்கம் தள்ளி. “தெரிஞ்சுதான் ‘த்’ போட்டேன். தானா கலையல. நான்தான் போய்க் கலைச்சேன்.”

அவர் படிவத்தை வாங்கிப் படித்தார். காலியாக இருந்த அந்த வரியில் ‘ஆம்’ என்று எழுதினார். பிறகு நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

“நீயா சொல்ற வரைக்கும் கேக்கக் கூடாதுன்னு இருந்தேன்,” என்றார். “எனக்கு வர்ற கடிதத்தையெல்லாம் அக்கா வாங்கிப் படிக்கற ஆளாச்சே; அவ கைக்குப் போறதுக்குள்ள, சரியா இருந்த ஒரு எழுத்தை, வாழ்க்கையிலேயே முதல் தடவையா, தெரிஞ்சே தப்பாத் திருத்தினேன்.”